குளிர வைத்தால் எஃகு இறுகும், பித்தளை இறுகுமா?



பேரவை ஆண்டு மலருக்குக் கட்டுரை தரச் சொல்லி அறிவிப்புப் பலகையில் ஒட்டியவுடன், "நீ என்னடா எழுதப் போறே, கவிதையா?" என்று விடுதி நண்பன் கிண்டல் செய்தான். கவிதை எனக்கு வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பித்தளைதான். அதுவும் முழுசாகத் தெரியாது என்பதைப் போன வருடம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையையும், அதிலிருந்து எனக்கு உண்டான கருத்தையும் உங்கள் முன் வைக்கிறேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பா பித்தளைப் பாத்திரம் அடிப்பவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. தாத்தாவுக்கு அதுவும் இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் வீட்டில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. கரண்ட் பில்லில் இருந்து கல்யாணப் பத்திரிகை வரை "தம்பி கிட்டக் கேளு" என்பார்கள். அந்த மரியாதைதான் வினையாய் முடிந்தது.

இரண்டாம் ஆண்டில் ஹீட் ட்ரீட்மென்ட் பாடம் நடந்துகொண்டிருந்த நேரம். வீட்டுக்குப் போயிருந்தபோது பட்டறைக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பெட்டி. "பெரியவரே, பூஜ்யத்துக்குக் கீழே நூறு டிகிரிக்கு மேல குளிர வச்சுத் தர்றோம். உங்க தாம்பாளம் இரும்பு மாதிரி ஆயிடும். கீழே விழுந்தாலும் நசுங்காது. வியாபாரி கூட விலை கொடுப்பான்" என்றார். ஒரு தாம்பாளத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய். உளி இருந்தால் இரண்டு இலவசம்.

அப்பா சிரித்தார். "பித்தளையைக் குளிர வச்சு இறுக்கறதா? அப்புறம் சுத்தி எதுக்கு இருக்கு?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ படிக்கறவன். நீ சொல்லு" என்றார்.

நான் அப்போதுதான் புத்தகத்தில் 'சப்-ஜீரோ ட்ரீட்மென்ட்' என்ற அரைப் பக்கத்தைப் படித்திருந்தேன். "ஆமாம்ப்பா, உண்மைதான். புத்தகத்துலயே இருக்கு" என்று சொல்லிவிட்டேன். நாற்பது தாம்பாளம், இரண்டு உளி. பணம் கைமாறியது.

ஒரு வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தன. அப்பா ஒரு தாம்பாளத்தைக் கையில் எடுத்து விளிம்பை அழுத்திப் பார்த்தார். சுத்தியால் லேசாகத் தட்டிச் சத்தம் கேட்டார். "மாத்தம் ஒண்ணும் தெரியலையேடா" என்றார். வியாபாரியும் பழைய கூலியே கொடுத்தார்.

விடுதிக்குத் திரும்பிய எனக்குத் தூக்கம் வரவில்லை. போனது அப்பாவின் கூலி. போகச் சொன்னது நான். எங்கள் மெட்டலர்ஜி சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "குளிர வச்ச தாம்பாளம் ஒண்ணு, வைக்காதது ஒண்ணு, அடிக்கறதுக்கு முந்தின துண்டுத் தகடு ஒண்ணு, மூணும் கொண்டு வா" என்றார்.

எங்கள் ஆய்வகத்து ராக்வெல் கருவி மெல்லிய தகட்டுக்குச் சரிப்படாது. குண்டு பின்பக்கம் வரை அழுத்திப் பொய்க்கணக்குச் சொல்லும். ஆகவே சார் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் சொல்லி, விக்கர்ஸ் கருவியில் பார்க்க ஏற்பாடு செய்தார். காய்ச்சி ஆற வைத்த துண்டுத் தகடு 68. அப்பா அடித்து முடித்த தாம்பாளம் 129. குளிர வைத்த தாம்பாளம் 128. பல இடங்களில் குத்திப் பார்த்தும் இதே கதைதான். அறுபத்தெட்டை ஏறக்குறைய இருமடங்கு ஆக்கியது அப்பாவின் சுத்தி. ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க் குளிர் அதில் ஒரு புள்ளியைக்கூட ஏற்றவில்லை.

"அப்படின்னா புத்தகம் பொய்யா சார்?" என்று கேட்டேன். "புத்தகம் பொய் இல்ல. நீ படிச்சது பாதி" என்றார். மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோழர்களே, நாம் 'குளிர்' என்று ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் மூன்று வெவ்வேறு வேலைகள். மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் நான் ஏமாந்தேன்.

முதலாவது, சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்குவது. கொல்லுப் பட்டறையில் 'தோய்ச்சல்' என்பார்கள். எஃகு அரிவாளுக்கு இது உயிர். ஆனால் செம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் மெழுகு மாதிரி இளகும். இறுகாது. வெண்கலத்தின் சங்கதி இன்னும் வேடிக்கையானது. நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு அளவுக்கு வெள்ளீயம் கலந்த வெண்கலம், மெதுவாக ஆறினால் கண்ணாடி மாதிரி உடையும். சிவப்புச் சூட்டிலிருந்து தண்ணீரில் முக்கினால் உடையும் குணம் குறைந்து உரம் பெறும். எஃகுக்கு நேர் எதிர்! ஒரே வாளித் தண்ணீர், மூன்று உலோகத்துக்கு மூன்று பலன்.

இரண்டாவது, 'கோல்ட் ஒர்க்கிங்'. பெயரில்தான் குளிர். சித்திரை வெயிலில் வியர்வை சொட்டச் சொட்ட அப்பா பித்தளை அடிக்கிறாரே, அதுதான் கோல்ட் ஒர்க்கிங். ஓர் உலோகத்தின் படிகங்கள் தம்மைப் புதிதாக அடுக்கிக்கொள்ளும் வெப்பநிலைக்குக் கீழே அடித்தால் அது குளிர் வேலை. மேலே அடித்தால் சூட்டு வேலை. ஆகவே காரீயத்தை நம் வீட்டுத் திண்ணையில் வைத்து அடித்தாலும் அது சூட்டு வேலைதான். டங்ஸ்டனை ஆயிரம் டிகிரியில் அடித்தாலும் அது குளிர் வேலைதான். அடிக்க அடிக்கப் படிகத்துக்குள் இருக்கும் கோணல் வரிசைகள் பெருகுகின்றன. தறியில் நூல் சிக்கு விழுந்தால் எப்படி இழுக்க முடியாமல் இறுகிவிடுகிறதோ, அப்படி அவை ஒன்றோடொன்று சிக்கி நகர முடியாமல் நிற்கின்றன. அதுதான் இறுக்கம். மறுபடி உலையில் காய்ச்சினால் சிக்கு அவிழும். தகடு இளகும். "அடிச்சா இறுகும், சுட்டா இளகும்" என்று அப்பா என் சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த நாலு சொல்லும் முழு அத்தியாயத்தின் சாரம்.

மூன்றாவதுதான் பெட்டிக்காரர் சொன்ன குளிர். பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோவது. உலர்பனியில் வைத்தால் மைனஸ் 78 டிகிரி. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி. இது எஃகில் ஏன் வேலை செய்கிறது, பித்தளையில் ஏன் செய்யவில்லை?

எஃகைச் சிவக்கக் காய்ச்சும்போது உள்ளே ஆஸ்டெனைட் என்ற அமைப்பு இருக்கிறது. சட்டென்று குளிர்த்தினால் அது மார்டென்சைட் என்ற கடினமான அமைப்பாக மாறுகிறது. (முன்னது ராபர்ட்ஸ் ஆஸ்டென் என்ற ஆங்கிலேயர் பெயரால் வந்தது. பின்னது அடால்ஃப் மார்டென்ஸ் என்ற ஜெர்மானியர் பெயரால் வந்தது. பரீட்சைக்கு உதவும்!) இந்த மாற்றம் ஒரு வெப்பநிலையில் தொடங்கி இன்னொரு வெப்பநிலையில்தான் முடிகிறது. கரி அதிகமாக அதிகமாக இந்த இரண்டும் கீழே இறங்கும்.

நம் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்டெனைட்தான் பயணிகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிலர் இறங்கி மார்டென்சைட் ஆகிறார்கள். ஒரு சதவிகிதம் கரி உள்ள எஃகில் கடைசி நிறுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே இருக்கிறது. நாமோ முப்பது டிகிரியில், பாதி வழியில் பஸ்ஸை நிறுத்திவிடுகிறோம். இறங்காமல் உட்கார்ந்திருக்கும் மிச்சப் பயணிகள்தான் 'ரீட்டெய்ன்ட் ஆஸ்டெனைட்'. உலர்பனியில் வைப்பது என்றால் பஸ்ஸைக் கடைசி நிறுத்தத்தை நோக்கி இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டுவது. மிச்சம் இருப்பவர்களில் பெரும்பாலோர் இறங்கிவிடுவார்கள். எஃகு இன்னும் கொஞ்சம் இறுகும்.

பித்தளைப் பஸ்ஸில் பயணியே இல்லை! எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம் கலந்த தகட்டில் இப்படி மாறக் காத்திருக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. காலிப் பஸ்ஸை மைனஸ் 196 வரை ஓட்டினாலும் யார் இறங்குவார்கள்? குளிரில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் தகடு சற்று வலுவாக இருக்கும். வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. செம்பு, வெள்ளி, பஞ்சலோகம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

சரி, இலவசமாகப் போன உளிகள்? அவையும் மாறவில்லை. அவை உயர்கரி எஃகுதான், ஆனால் அப்பா தோய்ச்சல் கொடுத்து, மறுபடி லேசாகச் சூடு காட்டிப் பதம் பார்த்து, ஒரு வருடம் உபயோகித்தவை. பாதி வழியில் பஸ் ரொம்ப நேரம் நின்றுவிட்டால் பயணிகள் தூங்கிவிடுவார்கள். பிறகு எழுப்பினாலும் இறங்கமாட்டார்கள். குளிர்ப்பதம் கொடுப்பதானால் தோய்ச்சல் முடிந்த கையோடு கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு மறக்காமல் டெம்பரிங் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் புதிதாகப் பிறந்த மார்டென்சைட் நொறுங்கும் குணத்தோடு இருக்கும். முனை தெறிக்கும்.

இதையும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று சார் சொன்னார். ஐஸ்கிரீம் கம்பெனியில் உலர்பனி வாங்கி வந்தோம். பேரிங் செய்யும் ஈ.என். 31 எஃகுத் துண்டுகளை 850 டிகிரியில் காய்ச்சி எண்ணெயில் முக்கினோம். ராக்வெல் 'சி' அளவில் 62½ காட்டியது. ஒரு மணி நேரம் உலர்பனியில் வைத்து எடுத்த துண்டு 64 காட்டியது. ஒன்றரைப் புள்ளி! அந்த ஒன்றரைப் புள்ளியைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. புத்தகம் பொய் சொல்லவில்லை!

ஆகவே, "கைவினைஞர்கள் கையாளும் உலோகக் கலவைகளைக் குளிர வைத்து இறுக்க முடியுமா?" என்று கேட்டால் என் பதில்: அவர்களுடைய கருவியைக் கொஞ்சம் இறுக்கலாம். அவர்கள் செய்யும் பொருளை இறுக்க முடியாது.

கருவியிலும் எல்லாவற்றையும் அல்ல. லாரிப் பட்டையில் அடிக்கும் அரிவாளில் கரி ஏறக்குறைய அரை சதவிகிதத்தைச் சற்றே தாண்டும். அங்கே மிச்சப் பயணிகள் குறைவு. செலவுக்கேற்ற லாபம் இல்லை. நல்ல தோய்ச்சலும் நல்ல பதமும் போதும். கரியும் குரோமியமும் மிகுந்த டூல் ஸ்டீல், பேரிங், அளவுக் கருவிகள், இவற்றுக்குக் குளிர்ப்பதம் நிஜமான நன்மை செய்யும். அதுகூடக் கடினத்துக்காக மட்டுமல்ல. மிச்ச ஆஸ்டெனைட் பிற்காலத்தில் தானாக மாறினால் பருமன் கூடும், கேஜின் அளவு மைக்ரான் கணக்கில் தவறும். அதைத் தடுக்கத்தான் முன்கூட்டியே குளிர வைக்கிறார்கள்.

குளிர் சில இடங்களில் எதிர் வேலையும் செய்யும். ஆல்ஃபிரட் வில்ம் என்பவர் 1906இல் ஜெர்மனியில் ஒன்றைக் கண்டார். செம்பு, மக்னீசியம் கலந்த அலுமினியத்தைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, சும்மா வைத்திருந்தாலே நாளாக ஆகத் தானாக இறுகியது. அதுதான் டியூராலுமின். ஆகாய விமானத்துக்கு அந்தக் கலவையில் ரிவிட் அடிப்பவர்கள், அடிக்கும் முன்பே இறுகிவிடாமல் இருக்க ரிவிட்டைக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். அங்கே குளிர் இறுக்குவதில்லை. இறுக்கத்தைத் தள்ளிப் போடுகிறது! சுத்தமான வெள்ளீயமோ 13 டிகிரிக்குக் கீழே நீண்ட நாள் கிடந்தால் சாம்பல் நிறப் பொடியாக உதிரத் தொடங்கும். நல்லவேளை, நம் தஞ்சாவூர்ச் சீமையில் ஈயம் பூசிய பாத்திரத்துக்கு அந்தப் பயம் இல்லை.

பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளைகளும் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளியும் மிச்சம் செம்பும் உள்ள கலவையைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, பிறகு 300 டிகிரியில் ஒரு மணி நேரம் போல வைத்தால் நன்றாக இறுகும். வெள்ளிக்கு வேண்டியது பனிக்கட்டி அல்ல, இளஞ்சூடு.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஊருக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "நீங்க முதல்ல சொன்னதுதான்ப்பா சரி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் சுத்தியைக் கீழே வைக்கவே இல்லை. பிறகு சொன்னார்: "பணம் போனாப் போவுது. நீ சொன்னா இந்த வீட்டுல எல்லாரும் கேக்கறோம். அதனால இனிமே தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு."

எந்தப் பரீட்சையிலும் எனக்கு இவ்வளவு பெரிய சிவப்புக் கோடு விழுந்ததில்லை.

ஆனால் அன்றைக்கே அப்பாவுக்கு நான் ஒன்று கொடுக்கவும் முடிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்த ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை லாயத்துப் பக்கம் கிளம்பும் அம்மோனியாவும், உறைகளைச் செய்யும்போது உள்ளே தங்கிய இறுக்கமும் சேர்ந்துதான் காரணம் என்று பிற்பாடு கண்டார்கள். சுமார் 250 டிகிரி இளஞ்சூடு காட்டினால் கடினம் குறையாமல் அந்த உள் இறுக்கம் மட்டும் தளரும். எங்கள் பட்டறையோ மாட்டுக் கொட்டகையை ஒட்டி இருக்கிறது. அடித்து முடித்த குடங்களைக் கொட்டகைச் சுவர் ஓரமாகத்தான் அடுக்குவார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு காரணமில்லாமல் விரிசல் விடும். அப்பாவிடம் சொன்னேன். இந்த முறை அவர் உடனே நம்பவில்லை. "பாதியை அங்கே வை, பாதியை இங்கே வை. மழை முடியட்டும், பாப்போம்" என்றார். எங்கள் சார் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதேதானே! மூன்றாம் வகுப்பு படித்த மனிதருக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையை யார் கற்றுக் கொடுத்தது?

தோழர்களே! நம்மில் பாதிப் பேர் பட்டறையிலிருந்தும், தறிக்கூடத்திலிருந்தும், களத்துமேட்டிலிருந்தும் வந்தவர்கள். நாம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் அதற்கு எடை அதிகம். பெட்டி தூக்கி வருகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். நம் அரைகுறைப் படிப்புத்தான் அவர்களுக்கு முதலீடு. 'விஞ்ஞானம்' என்ற பெயரைக் கேட்டவுடன் தலையாட்டுவதும் மூடநம்பிக்கைதான். அப்பன் பாட்டன் சொன்னதெல்லாம் வேதம் என்பதும் மூடநம்பிக்கைதான். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அளந்து பார்!

ஆகவே பேரவைக்கும் கல்லூரிக்கும் என் வேண்டுகோள் இது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை நம் பொருள் சோதனை ஆய்வகத்தைச் சுற்று வட்டாரப் பட்டறைகளுக்குத் திறந்துவிட வேண்டும். ஆசிரியர் மேற்பார்வையில் நாமே சோதித்துத் தரலாம். நமக்குப் பயிற்சி, அவர்களுக்குப் பாதுகாப்பு. அடுத்ததாக, மூன்றாம் ஆண்டு பிராஜெக்டில் ஒரு குழுவாவது தன் குடும்பத் தொழிலில் உள்ள ஒரு கேள்வியை எடுத்துச் சோதிக்கட்டும். கடையில் காசு கொடுத்து வாங்கும் பிராஜெக்டை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

ராக்வெல் கருவி வருஷத்தில் நாலு நாள் பிராக்டிகலுக்கு மட்டும் உறை கழற்றப்படுகிறது. மிச்ச நாளெல்லாம் துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பட்டறையில் ஒருவர் காதால் கேட்டே கடினம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டு கிலோமீட்டரை நடக்க வேண்டியவர்கள் நாம்தான்.



- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பட்டயப் பிரிவு